பாட்டுக்குள் போன நாடு

இலங்கையை உலகத்துக்கு மிக வடிவாகக் காட்டிய இரண்டு ரொக் பாட்டுகளில் இலங்கையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பாடியது டுரான் டுரான் என்ற ஆங்கிலேயக் குழு. பாட்டுகள் ‘ஹங்ரி லைக் த வுல்ஃப்’, ‘சேவ் எ ப்ரேயர்’. அமெரிக்காவில் எம்டிவி தொடங்கி ஒரு வருடம் ஆகவில்லை. பாட்டு காதில் விழுந்தால் மட்டும் போதாது, கண்ணிலும் பட வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது. அதனால் 1982 ஏப்ரலில் குழு இங்கே வந்து இறங்கியது. படம்பிடித்தவர் ரஸ்ஸல் மல்காஹி என்ற அவுஸ்திரேலியர்.

சிகிரியா உச்சியில் அவர்கள் நிற்க, ஹெலிகொப்டர் சுற்றிச் சுற்றி வரும். கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் காடு. பொலன்னறுவைப் புத்தர் சிலைகளின் முன்னே சப்பாத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் காய்ந்த கல் உள்ளங்காலைப் பொசுக்கிவிட்டதாம். கிட்டார்காரர் அண்டி டெய்லர் களப்பில் விழுந்து தண்ணீரைக் குடித்து, பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுட்ட காலும் ஆஸ்பத்திரியும் வீடியோவில் இல்லை. எனக்கென்னவோ அந்தச் சுடுகல்லைத்தான் பிடித்திருக்கிறது.

‘ஹங்ரி லைக் த வுல்ஃப்’ மே மாதம் பிரித்தானியாவில் வெளியாகி 5ஆம் இடம் வரை போனது. அமெரிக்காவில் முதலில் எடுபடவில்லை. எம்டிவி விடாமல் போட்டுப் போட்டு, 1983 மார்ச்சில் அங்கே 3ஆம் இடத்துக்கு ஏற்றிவிட்டது. நான்கு மாதம் கழித்து, தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம். இங்கே கண்டி நகரத்திலும் தமிழர் கடைகள் எரிந்தன. யாழ்ப்பாண நூலகம் அதற்கும் முன்பே எரிந்தது, படப்பிடிப்புக்கு முந்திய வருடம்.

கனடாவில் பிறந்த என் மருமகன் கண்டியை அடுத்த அம்பிட்டியவுக்கு வந்திருந்தபோது போனில் இந்த வீடியோக்களில் ஒன்றைக் காட்டி, “மாமா, இது உண்மையாவே நம்ம நாடா?” என்று கேட்டான். அவன் அம்மா ஏன் இங்கிருந்து போனாள் என்பது அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஒருவன் ஆசையோடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் பின்னால் இருப்பதையும் கொட்டித்தான் ஆக வேண்டுமா? “நம்ம நாடுதான்டா” என்றேன். அவன் பாட்டை முழுதாகப் பார்த்து முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு 83ஐச் சொன்னேன். இந்த வரிசைதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். துயரத்தை முதலில் கேட்கிற பிள்ளைக்கு ஊர்மேல் ஒட்டுதலே வராமல் போகலாம்.

அந்த வெள்ளைக்காரப் பையன்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வெளிநாட்டுச் சொந்தங்களுக்குக் கண்டிக் குளத்தைப் படமெடுத்து அனுப்புகிற நாம், அரிசி விலையையும் அடகுக் கடைச் சீட்டையுமா சேர்த்து அனுப்புகிறோம்? வந்தவர்கள் ஐந்து பேர், நால்வர் இருபதுகளில், ஒருவர் பத்தொன்பதில். படம் பிடித்தார்கள், போனார்கள். மிச்சத்தைச் சொல்ல அவர்களுக்கு என்ன தெரியும்?

தெரிந்தவர்கள் நாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த வீடியோவைப் பார்த்து வாய்பிளந்தால், நன்றாகப் பார்க்க விடுங்கள். முடிந்ததும் அது எடுக்கப்பட்ட வருடத்தைச் சொல்லுங்கள்.