பழக்கிய கடன்

(அரூர், 2021 ஜூலை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீட்டுத் திண்ணை. எதிரே, பள்ளிக்கூட நாளிலிருந்து அவரிடம் பாடம் கேட்டுவரும் இளைஞன். போன வருஷம் வேலை போய் ஓசூரிலிருந்து ஊருக்குத் திரும்பியவன்.)

சீடன்: அய்யா, கொரோனா ஊரடங்கு தளர்ந்து 5ஆம் தேதியிலிருந்து எல்லா மாவட்டத்திலும் பஸ் விட்டாச்சு. தீர்த்தமலைக் கோயிலும் திறந்துவிட்டது. பழைய கம்பெனியில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை சேரவேண்டும். என் நாய் மணியை விட்டுப் போவது பாவமா என்று மனசை அரிக்கிறது.

குரு: மனசு கிடக்கட்டும். நாய் என்ன செய்தது, அதைச் சொல்.

சீடன்: நேற்று ஷூவை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். இத்தனை நாளும் செருப்பை மாட்டிக்கொண்டு ரேஷன் கடை வரை போய் அரைமணியில் திரும்பிவிடுவேன். ஷூவை அது பார்த்ததே இல்லை. குளித்துவிட்டு வந்தால் ஒரு ஷூவைக் காணோம். ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டு, அதன்மேல் தாடையை வைத்துப் படுத்திருக்கிறது. எடுக்கப் போனேன். உறுமவில்லை, கடிக்கவில்லை. தாடையை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது.

குரு: உன்னிடம் எப்படி வந்தது?

சீடன்: முதல் ஊரடங்கில், பஸ் ஸ்டாண்டு பக்கம். பரோட்டாக் கடை, கறிக்கடை, டீக்கடை எல்லாம் பூட்டு. அங்கே கிடந்த நாய்கள் விலா எலும்பு தெரிய அலைந்தன. இது குட்டி. அம்மா கேழ்வரகுக் களியை மோரில் கரைத்து வைத்தாள், குடித்தது. இப்போது உருண்டையாகவே தின்னும். களி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, தலையைச் சாய்த்துச் சாய்த்து நாக்கால் வழித்தெடுக்கும்.

குரு: 2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் கடை அடைத்தார்கள். அன்றுவரை பரோட்டாக் கடைக்காரர் ராத்திரி மிச்சத்தைப் போட்டார், நாய்களும் அந்த நேரத்துக்கு வந்து நின்றன. அடுத்த நாள் அவர் வரவில்லை. அவர் குற்றவாளியா?

சீடன்: இல்லை அய்யா. அரசாங்கம் அடைக்கச் சொன்னது. அவர் வீட்டிலேயே அடுப்பு எரிந்ததோ என்னவோ.

குரு: சரி. இயலாதவனிடம் கடன் கேட்க முடியாது. உன்னை யாரும் அடைக்கவில்லை. நீயாகப் போகிறாய். அதனால்தான் கேள்வி உன்னிடம் வந்து நிற்கிறது.

சீடன்: ஆனால் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லையே. வாக்கு என்றால் இரண்டு பேருக்கும் புரிய வேண்டாமா? நாய்க்கு என்ன தெரியும்?

குரு: நம்மூர்ப் புளி மண்டியைப் பார்த்திருக்கிறாய். மாசி, பங்குனியில் கொட்டை எடுக்கப் பெண்கள் வருவார்கள். வருஷா வருஷம் ஒரே மண்டிக்கு வருகிறவள் ஒருத்தி. பத்திரம் கிடையாது, பேச்சு கிடையாது. ஆனால் ‘அங்கே கூப்பிடுவார்கள்’ என்று நம்பி, மரவள்ளிக் காட்டு வேலையை அவள் வேண்டாம் என்று விட்டுவிடுகிறாள். மண்டிக்காரருக்கு அவளிடம் கடன் எப்போது உண்டானது?

சீடன்: அவள் அந்த வேலையை விட்டபோது.

குரு: இப்போது மணிக்கு வா. உன் வீட்டுக்கு வந்ததால் அது எதை விட்டது?

சீடன்: தெருவை விட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டிப்போனால் மற்ற நாய்கள் விரட்டுகின்றன. அங்கே இனி அதற்கு இடமில்லை.

குரு: அதுதான் கடன். உனக்கு அதன்மேல் பாசம் உண்டோ இல்லையோ, அது தன் தெருவை இழந்தது உன்னால். பாசம் நாளைக்கே வற்றினாலும் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும்.

சீடன்: தருமர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் போகமாட்டேன் என்றாரே, அதுபோலவா?

குரு: அந்தக் கதையில் எனக்கு ஒரு குறை உண்டு தம்பி. கடைசியில் நாய் தருமதேவதை ஆகிவிடுகிறது. வெறும் நாயாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் பக்கத்து மாவட்டத்தில், தண்டராம்பட்டுப் பகுதியில் எடுத்தனூர் இருக்கிறது. அங்கே ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய 1,400 வருஷம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் சண்டையில் மடிந்தான். அவன் உருவத்தோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டினார்கள். கள்ளரைக் கடித்து அங்கேயே காவலாக நின்றது என்று எழுதியிருக்கிறது. தேவதை என்றோ, போன பிறவியில் யாரோ என்றோ ஒரு சொல் இல்லை. நாய் இன்னது செய்தது, நாங்கள் கண்டோம். அவ்வளவுதான். உழவும் மேய்ச்சலுமாக வாழ்ந்த சனங்கள் நாய்க்குப் பட்ட கடனைக் கல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கல்லை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறையும்.

சீடன்: ஆனாலும் வெட்கமாக இருக்கிறது அய்யா. மே மாசம் கொரோனாவில் பெரியப்பா போனார். ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்தார்கள், முகம்கூடப் பார்க்கவில்லை. எத்தனை வீட்டில் இழவு! இந்த நேரத்தில் ஒரு நாய்க்காகக் கலங்குகிறேனே.

குரு: (சற்று நேரம் பேசாமல் இருந்து) உன் பெரியப்பாவும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். நானும் போகவில்லை. போகவிடவில்லை. அவருக்கு நீ செய்ய முடியாமல் போனது ஒன்று, இங்கே செய்ய முடிந்தும் விடுவது இன்னொன்று. ஒருவரைச் சரியாக விட்டுப் பிரிய இப்போது உனக்கு வழி இருக்கிறது, தடை இல்லை. அதை நாய்தானே என்று தள்ளாதே. அங்கே அடைபட்ட கண்ணீர் இங்கே வருகிறதென்றால் வரட்டும்.

சீடன்: அப்படியானால் வேலைக்குப் போகாமல் இருக்கட்டுமா?

குரு: யார் சொன்னது? அம்மாவுக்கு மாத்திரை வாங்கவேண்டும், வீட்டுக் கடன் இருக்கிறது. போ. ஆனால் திங்கட்கிழமை போகாதே, ஒரு வாரம் தள்ளிக் கேள். அந்த ஒரு வாரச் சம்பளம் போகட்டும், கடனில் அது முதல் தவணை. இன்றைக்கே ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பு. நாளைக்குப் பத்து நிமிஷம், மறுநாள் ஒரு மணி. ஷூ போட்டவன் திரும்பி வருவான் என்று அது கண்ணால் பார்க்கட்டும். களியை இனி அம்மா கையால் வைக்கச் சொல். நீ கட்டிய லுங்கி ஒன்றைத் துவைக்காமல் அது படுக்குமிடத்தில் போட்டுவை. போவதற்குள் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடு.

சீடன்: இவ்வளவு செய்தும் அது பழகாமல், சாப்பிடாமல் கிடந்தால்?

குரு: காலையில் வாணியாற்றுப் பக்கம் நடக்கப் போகிறேனே, என்னோடு கூட்டிப்போகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என்னிடம் பழகிய பிறகு நான் படுத்துவிட்டால் அது மறுபடி ஒரு தெருவை இழக்கும். ஆகவே முழுப் பொறுப்பை என் தலையில் வைக்காதே.

சீடன்: மாசத்தில் இரண்டாவது சனிக்கிழமை லீவு உண்டு. வெள்ளி ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடுவேன்.

குரு: வருவதென்றால் ஒவ்வொரு மாசமும் வா. ஒரு மாசம் வந்து ஒரு மாசம் விடுவதானால் இப்போதே சொல், வேறு ஏற்பாடு யோசிப்போம்.

சீடன்: வருவேன் அய்யா. சூப்பர்வைசருக்கு இப்போதே போன் செய்து ஒரு வாரம் கேட்கிறேன்.