வாசலை மூடாத தாய்



கத்தரீனா கொசாச்சா, பொஸ்னிய மன்னர் ஸ்தேபான் தோமாசின் விதவை. 1463இல் துருக்கியப் படை நாட்டைக் கைப்பற்றியபோது, அவருடைய மகனும் மகளும் சிறைப்பட்டுப் போயினர். உரோமாபுரியில் அகதியாகி, அவர்களை மீட்க முயன்றார், கைகூடவில்லை. பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்து செபத்தில் வாழ்ந்தார். 1478 ஒக்டோபர் 20இல் எழுதிய மரணசாசனத்தில் நாட்டைத் திருச்சபையிடம் ஒப்படைத்தார். ஆனால் மகன் விசுவாசத்துக்குத் திரும்பினால் அது அவனுக்கே என்றார். ஐந்தாம் நாள் கண்மூடினார். பதினைந்து ஆண்டுகளாகியும் அந்தத் தாய் வாசலை மூடவில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காணாமற்போன மகனின் படத்தின்முன் செபமாலை சொல்லும் தாய்மார் உளர். அவர்களிடம், "மறந்துவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அருகே முழந்தாளிட்டு, ஒரு பத்து மணியாவது சேர்ந்து சொல்லுங்கள். ஆமென்.