வீரனைப் படைப்பவர் யார்?

களத்தில் வென்றவன் வீரனா, பாடலில் நின்றவன் வீரனா? வென்றோர் பலர், பாடல் பெற்றோர் சிலரே. அச்சிலரையே பின்வந்தோர் வீரரென அறிகின்றனர். ஆதலின், பாடியவர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்று ஆராய்வது கற்போர் கடனாகும்.

நாம் வாழும் காஞ்சி மாநகர் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடமே. சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், முதற் குலோத்துங்க சோழன் காஞ்சியில் வீற்றிருக்கும்போதுதான் வடகலிங்க வேந்தன் அனந்தவன்மன் இருமுறை திறை செலுத்தவில்லை என்னும் செய்தி எட்டுகிறது. வண்டை நகர்த் தலைவன் கருணாகரத் தொண்டைமான் விடைபெற்றுப் படை நடத்துகிறான்; கலிங்கம் வீழ்கிறது. ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி உரியது என்பது பாட்டியல் மரபு.

இந்நூல் சோழர் படையின் கொடுமையை மறைக்கவில்லை. ஊர்களுக்குத் தீயிட்டதையும் சூறையாடியதையும் பெருமையாகவே உரைக்கிறது. தோற்ற வீரர் வில்நாணைப் பூணூலாக்கிக்கொண்டு தப்பியதை நகைச்சுவைபடக் கூறுகிறது. எரிந்த வீடுகளில் வாழ்ந்தோர் என்ன ஆயினர் என்பதற்கோ அங்கே இடமில்லை. கலிங்க அமைச்சன் எங்கராயன் அறிவுடையோனாகக் காட்டப்படுகிறான். ஆனால் அவன் வாயிலும் ஒலிப்பது சோழன் புகழே.

குலோத்துங்கன் ஆண்ட அதே காலத்தில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்தவன் ரோத்ரிகோ தியாஸ். ‘எல் சித்’ என்னும் அவன் சிறப்புப் பெயர், ‘என் தலைவரே’ எனப் பொருள்படும் ‘ஸெய்யிதீ’ என்ற அரபுச் சொல்வழிப் பிறந்ததாகும். தன் மன்னனால் நாடு கடத்தப்பட்ட அவன், ஸரகோஸாவின் முஸ்லிம் அரசரிடம் படைத்தலைவனாக இருந்தான், 1094இல் (ஹிஜ்ரி 487) வலென்ஸியாவைக் கைப்பற்றினான், 1099இல் இறந்தான். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் அவன்மீது 3,700க்கும் மேற்பட்ட அடிகளையுடைய காவியம் எழுந்தது.

அக்காவியம் அவனை அடக்கமும் பொறுமையும் வாய்ந்தவனாக, மனைவி மக்கள்மீது பேரன்பு உடையவனாகக் காட்டுகிறது. மோலினாவை ஆளும் முஸ்லிம் தலைவர் ஒருவர் அவனுடைய உற்ற நண்பராக வருகிறார். பொருளாசையால் அவரைக் கொல்லச் சூழ்பவரோ சித்தின் சொந்த மருமக்களே! அவர்களை அவர் நேருக்கு நேர் இடித்துரைத்துச் செல்கிறார். மாற்றுச் சமயத்தவரிடம் மாண்பையும் தன்னவரிடம் கீழ்மையையும் கண்ட இப்புலவனின் நடுநிலையை நாம் மனமுவந்து பாராட்டலாம்.

ஆயினும் அவனும் ஒன்றை விட்டுவிட்டான். வலென்ஸியாவின் காழீ இப்னு ஜஹ்ஹாஃப் 1095இல் சித்தின் ஆணையால் உயிரோடு எரிக்கப்பட்டார். காவியத்தில் இச்செய்தி இல்லை. முற்றுகையில் மக்கள் பசியால் மாண்டதை அந்நகரத்தவரான இப்னு அல்கமா எழுதிவைத்தார். அறிஞர் இப்னு பஸ்ஸாம் சித்தைச் சபித்தார். எனினும் அவன் துணிவை இறைவனின் அற்புதங்களுள் ஒன்றென ஒப்புக்கொண்டார். பகைவனின் கொடுமையையும் திறமையையும் ஒருங்கே எழுத அந்த எழுதுகோல் தயங்கவில்லை. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்று நாம் கற்ற அறம் இதுவன்றோ!

இந்த அளவுகோலைப் பிறர் நூல்களுக்கு மட்டும் வைப்பது முறையாகாது. நம் முன்னோர் பாடிய படைப்போர் இலக்கியங்களிலும் எதிர்ப்படையினர் பெரும்பாலும் வெட்டுண்டு வீழ்வதற்கென்றே வருகின்றனர். அவற்றின் தமிழ்ச்சுவையை நுகரும் நாம், அங்கும் இதே கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அங்ஙனமாயின், இப்பாடல்களை இளையோர்க்குக் கற்பிக்காது விட்டுவிடலாமா? கூடாது. அஞ்சாமையும் சொல் தவறாமையும் பாடல்வழியே நெஞ்சில் பதிகின்றன. ஆனால் பாடலுக்கு அருகே வேறொரு சாட்சியையும் வைத்துக் கற்பிக்க வேண்டும். சித்தின் காவியத்தோடு இப்னு அல்கமாவின் வரலாற்றைச் சொல்லுவோம். பரணியைச் சொல்லும்போது, காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் உள்ள கல்வெட்டொன்றையும் சொல்லுவோம். கருணாகரத் தொண்டைமானின் மனைவியார் அக்கோயிலுக்கு விளக்கொன்று வழங்கிய செய்தி அதில் உள்ளது. யானைகளை வீழ்த்திய தலைவன் ஓர் இல்லத்தின் தலைவனும் ஆவான் என்பதை அக்கல் நினைவூட்டுகிறது. அத்தகைய இல்லங்கள் கலிங்கத்திலும் இருந்தன என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வார்கள்.