உறுதியில் எழுதப்படாத நீர்

ஒருவன் தனக்குரிய காணியைத் தன் பொருள் செலவிட்டு மண்ணிட்டு உயர்த்தி, மதில் எழுப்பி, வீடமைக்கின்றான். அவன் செய்ததில் தவறு யாது? முதற்பார்வையில் இது ஒரு வினாவாகவே தோன்றாது. ஆயின் 2008 நவம்பரில் ‘நிஷா’ புயலோடு வந்த பெருமழையிலும், 2024 நவம்பர் இறுதியில் பெருகிய வெள்ளத்திலும் யாழ்ப்பாண நகரின் பள்ளப் பகுதிகளில் அடுப்பெரிக்க இடமின்றி நின்றோர்க்கு இதுவே முதல் வினா.

எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் உரியதே. தட்டையான சுண்ணக்கல் நிலத்தில் பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மழை தரவைகளிலும் வெளிகளிலும் குளங்களிலும் தங்கி, மெல்லக் கல்லிடுக்குகளூடே இறங்குகின்றது. கோடையில் நாம் கிணற்றில் அள்ளுவது அந்நீரையே. அது குறையுமிடத்து அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். பொம்மைவெளி, புல்லுக்குளம், ஆரியகுளம் முதலிய பெயர்கள் நீருக்கென ஒதுங்கிய இடங்களை இன்றும் நினைவூட்டுகின்றன. 2009இல் போர் முடிந்தபின் காணி விலை ஏற ஏற, இத்தகைய தாழ்நிலங்களும் துண்டாடப்பட்டு, பரப்புக் கணக்கில் விலைபோகலாயின.

முன்னர் எல்லையில் நின்றது வேலி. கிடுகாயினும் பனையோலையாயினும் கதியாலாயினும், அது அயலவரின் கண்ணை மறைத்ததேயன்றி மழைநீரை மறிக்கவில்லை. வேலியடியால் நீர் தன் பாட்டிற் போயிற்று. (எல்லையை அரையடி தள்ளிக் கட்டியதால் எழுந்த வேலிச் சண்டைகள் வேறு, அவற்றை நாம் புகழ வேண்டியதில்லை.) இன்று அவ்விடத்தில் அத்திவாரமிட்ட சீமெந்துக் கல்மதில் நிற்கின்றது. ஒரு மதிலால் வெள்ளம் வருவதில்லை. ஒழுங்கை நெடுகிலும் மதிலெழுந்து காணிகளும் உயர்ந்தபின், ஒழுங்கையே வாய்க்காலாகின்றது. உயர்த்த வசதியில்லாதவனின் முற்றம் குளமாகின்றது. அந்நீரில் எவர் பங்கு எவ்வளவு என்று எந்த நில அளவையாளரும் அளந்து கூறவியலாது. ஒவ்வொருவரும் குற்றமற்றவராகவே இருக்க, கேடு மட்டும் உண்மையாக இருக்கின்றது.

இத்தகைய வழக்கு உலகிற்குப் புதிதன்று. இயல்பாக இறங்கிவரும் மழைநீரைத் தாழ்நிலத்தான் ஏற்கவேண்டும். ஆயின் ஒருவன் தன் வேலைப்பாட்டால் அதன் போக்கை மாற்றி அயலானுக்குக் கேடு செய்யின் அவன்மீது வழக்குத் தொடரலாம் என்பது பழைய உரோமச் சட்டம். எமது தேசவழமையும் அயலை மறந்ததன்று. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த அந்நூல், காணி விற்கையில் உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும் அறிவிக்க வேண்டுமென்கிறது. அயற்காணிக்குள் சாயும் மரத்தின் பலனைப் பற்றியும் பேசுகின்றது. பழைய உறுதிகளிலோ கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். தோட்டத்துக்கு இறைக்கும் நீர் பிறர் காணியூடே செல்லலாம் என்பதை எம் முன்னோர் எழுதிவைத்தனர். வேண்டிய நீருக்கு உறுதியில் இடமிருந்தது. வேண்டாத நீர் உரித்தாளரின்றி விடப்பட்டது. கார்த்திகையில் வேண்டாததென நாம் வெளியே தள்ளும் அந்நீரே ஆடியில் கிணற்றில் இல்லாமற் போகும் நீர் என்பதை எந்த நொத்தாரிசு எழுதுவார்?

‘பள்ளத்தில் ஏன் குடியேறினர்?’ என்று வினவுவாரும் உளர். இவ்வினா எளிது, விடை எளிதன்று. மேட்டுக்காணி எவர் கையில் இருந்தது, பள்ளமும் கரையோரமும் எவருக்கு எஞ்சின என்பதைச் சாதியை விலக்கி விளக்கவியலாது. 1990இல் வெளியேற்றப்பட்டு நெடுங்காலத்தின் பின் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களுட் சில பொம்மைவெளியில் வீடமைத்ததும் விருப்பத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. தாழ்நிலத்தை நிரப்பித் துண்டாக்கி விற்றவனையும், வேறிடம் வாங்க இயலாது அத்துண்டில் குடிசை போட்டவனையும் ‘சட்டவிரோதக் கட்டடம்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைப்பது நீதியாகாது. முன்னவன் வெள்ளம் வருமுன்னரே காசோடு அகன்றுவிடுகின்றான். அறிவித்தல் ஒட்டப்படுவது குடிசையின் கதவில்.