கக்கத்தில் இடுக்கிய துண்டு

அய்யா துணை.

அன்புக்கொடி மக்களே, இந்த மாதம் ஏடு விளக்கம் எழுதுவதாக இருந்தேன். ஆனால் போன ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்ததும் ஒரு தம்பி என்னைத் தனியாக அழைத்துப் போய், "அண்ணாச்சி, ஒரு ஐயாயிரம் கிடைக்குமா? நாளைக்குத் தண்டல்காரர் வருவார்" என்று கேட்டார். நெற்றியில் திருநாமம் இருந்தது. தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் கேட்டார். அவர் அப்படிச் செய்ததை அவரே அறியவில்லை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் நானும் இரண்டு வருடம் அப்படி நின்றவன். அதனால் இந்த மாதம் கடனைப் பற்றி எழுதுகிறேன்.

நம் முன்னோர் திருவிதாங்கூரில் தலைப்பாகை கட்டக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்றிருந்த காலம் உங்களுக்குத் தெரியும். தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலி இல்லாத ஊழியம். பெரியவர் யாராவது எதிரே வந்தால் துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ போக வேண்டும். அந்தத் துண்டை எடுத்துத் தலையில் கட்டச் சொன்னவர் அய்யா வைகுண்டர். இன்றைக்கும் ஆண்கள் தலைப்பாகை இல்லாமல் பதிக்குள் போவதில்லை. சட்டம் போட்டு அதை இறக்க இப்போது யாரும் இல்லை. கடன் வாங்கி நாமே இறக்கிக்கொள்கிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுக் கடைப் பையனாக இந்தப் பக்கம் வந்தேன். பிறகு திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் சொந்தமாகச் சின்ன மளிகைக் கடை போட்டேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கடற்கரைக் கோயிலையும் மற்ற சின்னங்களையும் மூடினார்கள். சுற்றுலாக்காரர் வரவில்லை. சிற்பக் கூடத்தில் உளிச் சத்தம் நின்றது. சங்கு, பாசிமணி விற்றவர், ஆட்டோ ஓட்டியவர், விடுதியில் துணி துவைத்தவர், எல்லோரும் என் கடையில் கணக்கு வைத்திருந்தவர்கள். மளிகைக் கடை மட்டும் திறந்திருந்தது. அரிசி கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? கொடுத்தேன். அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

தவறு செய்தது அதற்குப் பிறகுதான். கடையில் சரக்கு நிரப்பப் பணம் இல்லாமல் போனபோது ஒருவரிடம் ஐந்து வட்டிக்கு 2 லட்சம் வாங்கினேன். புரோநோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. மாதம் 10,000 வட்டி. 24 மாதம் கட்டினேன். 2,40,000 ரூபாய் போனது. அசல் 2 லட்சம் அப்படியே நின்றது. வாங்கியதைவிட அதிகம் கொடுத்துவிட்டு, வாங்கிய அன்று இருந்த இடத்திலேயே நின்றேன்.

இன்னொன்றும் செய்தேன், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மாசி 20 அய்யாவின் அவதார நாளுக்கு வருடா வருடம் ஒரு வேளை அன்னதர்மம் என் பெயரில் நடக்கும். அந்த வருடம் கையில் பணம் இல்லை. பெயர் விடக்கூடாதே என்று தண்டலில் 10,000 வாங்கிக் கொடுத்தேன். ஊர் சாப்பிட்டது. நான் நூறு நாள் கட்டினேன். தாங்கலில் ஒரு பெரியவர் உண்டு. அவருக்கு இது பின்னால் தெரிந்தபோது திட்டவில்லை. "அய்யா காணிக்கையே வேண்டாம்னு சொன்னவர். அவருக்காகவா வட்டிக்கு வாங்கின? அடுத்த தரம் பாத்திரம் கழுவ வா, போதும்" என்றார். அடுத்த வருடம் பாத்திரம் கழுவினேன். இப்போதும் கழுவுகிறேன். தர்மம் செய்ய வேண்டும் என்று சொல்லும் நம் இடங்களிலேயே சிலர் கடன் வாங்கிக் கொடி ஏற்றத்துக்கும் வாகனத்துக்கும் கொடுப்பதைப் பார்க்கிறேன். நிர்வாகிகளுக்கும் சொல்கிறேன், கொடுப்பவர் வீட்டு நிலை தெரிந்தும் ரசீதுப் புத்தகத்தை நீட்டாதீர்கள்.

தண்டல் கணக்கைப் பலர் சரியாகப் பார்ப்பதில்லை. 10,000 என்று எழுதிக் கையில் 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள். "1,500 தானே" என்று தோன்றும். ஆனால் நாம் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம், 8,500 முழுவதும் நம் கையில் நூறு நாள் இருப்பதில்லை. கணக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய பத்து வட்டி வருகிறது. இந்தத் தண்டலையும் கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தின வட்டியையும் பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003லேயே வந்துவிட்டது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 வரை அபராதம். வாங்கும் நாமோ அதை ரகசியமாக வைத்துக் காப்பாற்றுகிறோம்.

என் ரகசியம் 2022 புரட்டாசியில் உடைந்தது. வட்டி இரண்டு நாள் தாமதமாயிற்று, அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கடையில் இருந்தேன். என் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இரவு கடை சாத்திவிட்டு வந்தேன். சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு, "ஏங்க, இன்னும் எத்தனை பேரு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நம் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. இரண்டு விளக்குக்கு நடுவில் நம் முகத்தையே பார்த்துத்தான் கும்பிடுகிறோம். உனக்குள் இருப்பவரைப் பார் என்பது அதன் பொருள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த இரண்டு வருடம் நான் கண்ணாடி முன்னால் நின்றபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டேன். அன்றிரவுதான் கண்ணைத் திறந்தேன் என்று சொல்ல வேண்டும். பிளஸ் டூ படித்த மகள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஐந்து வட்டி 2,00,000. தண்டலில் பாக்கி 6,400. மொத்த வியாபாரிக்கு 45,000. வண்டித் தவணை மாதம் 2,850, இன்னும் ஒன்பது மாதம். முடிந்தது என்றேன். "இல்ல, எழுது" என்றாள் என் மனைவி. மகளிர் குழுக் கடனில் பாக்கி 22,000. அது எனக்குத் தெரியும், மறந்திருந்தேன். பிறகு மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தன் தோட்டை அடகுக் கடையில் 15,000க்கு இரண்டு வட்டிக்கு வைத்ததையும் சொன்னாள். கடை நொடித்துக் கிடப்பது தெரிந்து, என்னிடம் கேட்க மனம் வராமல் செய்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பாரம் ஆகக்கூடாது என்று ஒளித்து ஒளித்துக் கடன் வாங்கியிருக்கிறோம்.

மொத்தம் 3,14,000 சொச்சம். மாதம் கட்ட வேண்டியது 17,750. கடையில் நிற்பது நல்ல மாதத்தில் 29,000. 2022இல் ரிசர்வ் வங்கி சிறுகடன் நிறுவனங்களுக்கு ஒரு விதி வைத்தது: ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டினால் அதற்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது. குழுக் கடன் வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக்கூடாது என்பதும் அதே விதியில் உண்டு, அக்காமார் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பாதியைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தோம்.

அடுத்து வரவு செலவு எழுதினோம். அங்கே எனக்கு ஒரு அடி விழுந்தது. கடைக்காரர்களாக இருக்கும் நம் மக்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் சாமானை நாம் செலவாக எழுதுவதில்லை. எண்ணெய், பருப்பு, சோப்பு, பிள்ளைகளுக்கு பிஸ்கட். ஒரு மாதம் ஒழுங்காக எழுதிப் பார்த்தபோது 7,200 வந்தது. கல்லாவில் கை விட்டு எடுத்த சில்லறை தனி. வியாபாரம் இல்லை, வியாபாரம் இல்லை என்று புலம்பினேனே, கல்லாவை அரித்ததில் என் வீட்டுக்கும் பங்கு இருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்குப் போகும் சாமானுக்கும் ஒரு கணக்கு நோட்டு. தலைப்பில் என் பெயர், மற்ற வாடிக்கையாளரைப் போலவே.

மனைவி தன் நாலு பவுன் சங்கிலியை எடுத்துத் தந்தாள். அதை வங்கியில் வைத்து 1 லட்சம், முக்கால் வட்டிக்கு. மாதம் 750. இரண்டு பவுன் வளையலை விற்றே விட்டோம், 70,000 தேறியது. இதைக் கேட்டு மூக்கில் விரல் வைத்தவர்கள் உண்டு. ஐந்து வட்டி ஓடும்போது பெட்டியில் இருக்கும் வளையல் சேமிப்பு இல்லை, மக்களே. 1,70,000ஐக் கொண்டுபோனால் கடன் கொடுத்தவர், "வந்தால் முழு அசலும் வரட்டும், பாதி கீதி வாங்கமாட்டேன்" என்றார். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வட்டி ஓடுவதுதான் அவர்களுக்கு லாபம்.

மறுநாள் அந்தப் பெரியவரும் இன்னொருவரும் என்னோடு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் துண்டு தானாகக் கக்கத்துக்குப் போயிற்று. பெரியவர் அதை உருவி என் தோளில் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே அமைதியாகப் பேசினார், இதுவரை கட்டிய தேதிகளை என் மகள் எழுதிய தாளிலிருந்து வாசித்தார், 2003 சட்டத்தையும் ஒரு வார்த்தை சொன்னார். சண்டை இல்லை. 1,70,000 அசலில் கழிந்தது. மீதி 30,000ஐ நாலு மாதத்தில் முடித்தோம். முடித்த அன்றே புரோநோட்டையும் காசோலையையும் கையில் வாங்கிக் கிழித்தோம். நீங்களும் அதை வாங்காமல் வாசல் தாண்டாதீர்கள். தண்டல் 64 நாளில் முடிந்தது, மறுபடி புதுப்பிக்கவில்லை. அடகுக் கடைத் தோடு, குழு, வண்டி, மொத்த வியாபாரி, கடைசியில் வங்கி நகை என்று ஒன்றை முடித்த பணத்தை அடுத்ததில் போட்டுப் போட்டு 2024 வைகாசியில் தாள் முழுவதும் அடிக்கப்பட்டது. இருபது மாதம்.

அந்த மாதங்களில் அடிக்கடி துவையல் தவசை நினைத்துக்கொள்வேன். வாகைப்பதியில் 700 குடும்பங்கள் கடலில் குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் பொங்கி ஒரு வேளை உண்டு இருந்தார்கள். தனியொருவர் இருந்த தவம் இல்லை அது. புருஷன், பெண்சாதி, பிள்ளை என்று குடும்பத்தோடு இருந்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. எங்கள் வீட்டில் நடந்ததை அதோடு ஒப்பிட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அப்பா மட்டும் சிக்கனம், மற்றவருக்குத் தெரியாது என்றால் எந்தச் சிக்கனமும் நிற்காது என்பதைக் கண்டேன். பிள்ளைகளின் பாலை நிறுத்தவில்லை. என் வெற்றிலையும் டீக்கடையும் நின்றன. கல்யாண மொய்யை 500இலிருந்து 200 ஆக்கினோம், அதற்குத்தான் அதிக தைரியம் தேவைப்பட்டது.

கடற்கரை மக்களுக்குத் தனியாக ஒன்று. தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் பக்கம் மாதச் சம்பளக்காரர் போலக் கணக்குப் போட்டால் சரிவராது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் விடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அதில் கூலிக்குப் போகிறவருக்கு வேலை இல்லை. தடை முடியும் அதே ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. கல் வேலைக்காரருக்கும் அப்படித்தான், மார்கழி, தையில் கூட்டம், சித்திரையில் வெயில். ஆகவே கணக்கை வருடத்துக்குப் போடுங்கள். நல்ல பாடு வந்த அன்று கரையிலேயே ஒரு பங்கை எடுத்து மழைக்கால அரிசி மூட்டைக்கும் ஜூன் மாதக் கட்டணத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள். எங்கள் கடைக்கு மீன் விற்கும் பாட்டி ஒருவர் வருவார். கொரோனா காலத்தில் அவர் பாக்கி 3,800. கூடையைக் கவிழ்த்துவிட்டு வரும்போது தினம் பத்தோ இருபதோ வைப்பார், ஒரு நாள்கூட என் முகத்தைப் பார்க்காமல் போனதில்லை. "நோட்டைப் பாரு அண்ணாச்சி, இன்னும் எவ்ளோ?" என்று கேட்டு நிற்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது, கணக்கு எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். மீதி 600 இருந்தபோது போதும் பாட்டி என்றேன். கோபப்பட்டார். முழுவதையும் தீர்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

அந்தத் தம்பிக்கு நான் ஐயாயிரம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நாளைய தண்டல் நின்றிருக்கும், அடுத்த வாரத் தண்டல் யாரிடம் போகும்? அவர் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தனுப்பினேன். வரும் ஞாயிறு மனைவியோடு வரச் சொல்லியிருக்கிறேன். உச்சிப்படிப்பு முடிந்து உம்பான் சோறு சாப்பிட்ட பிறகு தாங்கலின் கிழக்குத் திண்ணையில் நானும் பெரியவரும் இருப்போம். வேறு யாருக்கேனும் எழுத வேண்டியிருந்தால் அவர்களும் வரலாம். தாளும் பேனாவும் இருக்கும். கடன் சீட்டு, அடகு ரசீது, குழு அட்டை எதுவானாலும் எடுத்து வாருங்கள், முடிந்தால் இருவரும் சேர்ந்து வாருங்கள். அங்கே பேசுவது திண்ணையைத் தாண்டாது.

தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே வாருங்கள்.

அய்யா உண்டு.