நேரமில்லை என்பார்க்கு

சங்கம் கூட்டுவது எளிது. அதனைக் காப்பது அரிது. பல்கலைக் கழகங்களிற் பயிலும் நம் வாலிபர்களின் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. பருவத் தொடக்கத்தில் நிகழும் முதற் கூட்டத்தில் மண்டபம் நிறைந்திருக்கும். பதினான்கு வாரங் கொண்ட அப்பருவம் பாதி கழியுமுன் பாடங்களும் கட்டுரைகளும் தேர்வுகளும் குவிந்துவிடும். அதன் பின் வருவோர் நால்வரே. ஏனையோரைக் கேட்டால், "நேரமில்லை" என்பர். இவ்விடை அறத்தோடு பொருந்துமா என்று ஆராய்வோம்.

இதனை வெறுஞ் சோம்பல் என்று தள்ளிவிட நாம் உடன்படோம். கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் முதலிய வட்டாரங்களின் தோட்டத்து லயங்களிலிருந்து ஓர் இளைஞன் பல்கலைக் கழகம் புகுவது சிறு செயலன்று. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பால்மரம் வெட்டிய கைகளும், பின்னர்ச் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிய கைகளுமே அவனை அங்கு அனுப்பின. அவன் தேர்வில் தவறினால் குடும்பமே தளர்ந்து போகும். ஆதலின், படிப்பை விட்டுச் சங்கத்திற்கு உழை என்பவர் அவனுக்கு நண்பராகார்.

ஆயினும், அவன் பட்ட கடன் பெற்றோர்க்கு மட்டுமே உரியதா? மலாயாப் பல்கலைக் கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றிற்று. அதன் தமிழ் நூலகத்திற்காக 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். தொழிலாளரும் தம் கூலியிலிருந்து அதற்கு ஈந்தனர். அந்நூல்களைத் தாம் புரட்டப் போவதில்லை என்பதை அவர்கள் அறியாரா? வசதி வந்தபின் கொடுப்போம் என்று அவர்கள் காத்திருந்தனரா?

அக்கடனைத் தீர்க்கும் வழியும் நம் கண்முன்னே உண்டு. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக் கழக மாணவர் பலர் அதில் தொண்டராகிப் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பாடங் கற்பித்தனர். அத்தொண்டின் தேவை இன்றும் ஒழிந்திலது. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு பயிலும் பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாய் மொழியிற் கற்கவேண்டும். வீட்டில் விளக்கிச் சொல்ல ஆளில்லை. வாரந்தோறும் வருவதாகச் சொன்ன அண்ணன் மூன்று முறை வாராதிருந்தால், நான்காம் முறை அப்பிள்ளையும் வாராது. நாம் விட்ட பாடத்தை விடுமுறையில் படித்துக்கொள்ளலாம். அப்பிள்ளை இழந்த நம்பிக்கையை எந்த விடுமுறையில் மீட்பது?

பதினான்கு சனிக்கிழமை, வாரத்திற்கு இருவர் எனின், இருபத்தெட்டு முறையாகும். பதினான்கு அங்கத்தினர் இருப்பின் ஆளுக்கு இரண்டே நாள்! இரண்டு நாள் ஈவதால் எவர் தேர்வு கெடும்? நால்வர் மேல் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு ஏனையோர் ஒதுங்குவதாலன்றோ அந்நால்வரின் படிப்புக் கெடுகிறது? வேலை மிகுந்த காலத்தில் விழாவைக் குறைக்கலாம், சொற்பொழிவை நிறுத்தலாம், தலைவர்க்கு மாலையிடும் சடங்கை அறவே ஒழிக்கலாம். ஏற்ற வகுப்பை மட்டும் நிறுத்தலாகாது.

மற்றொன்றும் கூறுவோம். கூட்டத்திற்கு வாராத அங்கத்தினனின் பெயரை அடித்துவிடும் முன் அவன் அறைக்கதவைத் தட்டிப் பாருங்கள். கட்டணம் செலுத்த வகையற்று, இரவில் கூலிவேலை செய்பவனாக அவன் இருக்கலாம். அவன் "நேரமில்லை" என்றது மெய். அதைக் கேட்டறியாதவரே குற்றவாளிகள். தன் அங்கத்தினனின் பசியை அறியாத சங்கம் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன செய்துவிடும்?

நேரம் உள்ளவன் மட்டுமே தொண்டு செய்யவேண்டும் எனின், தோட்டத்தில் எவரும் எவர்க்கும் உதவியிருக்கவியலாது. வாலிபர்கள் சிந்திப்பார்களாக.