யாருடைய நிம்மதிக்காக?

விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் ஆகிய மூன்று நிலைகளையும், அவற்றிற்கு அப்பாலுள்ள துரீயத்தையும் மாண்டூக்ய உபநிஷதம் ஆராய்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் மனிதனுக்கு முதுமை இல்லை, உறவு இல்லை, உறவினர் மறந்துவிட்டனர் என்ற துயரமும் இல்லை. 'கைவிடப்பட்டோம்' என்று ஏங்கும் ஒரு முதியவருக்கு அந்த எண்ணம் முற்றிலும் அகலும் நேரம் அதுவே. அதுவும் வாய்க்காதபோது அவர் இழப்பது வெறும் ஓய்வை மட்டுமல்ல.

2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், அறுபது வயதைக் கடந்தவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்தில் 12.6 பேர். பாலக்காடு மாவட்டத்தில் தமிழும் மலையாளமும் ஒருங்கே ஒலிக்கும் நல்லேப்பிள்ளி போன்ற கிராமத்தில் வாழ்ந்த உழவர் ஒருவர், முதியோர் இல்லம் ஒன்றில் சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். கோழி கூவுமுன் எழுந்தே பழகியவர். தண்ணீர் முறை வரும் இரவுகளில் வயல்வரப்பிலேயே கண்விழித்தவர். இல்லத்திலோ மாலை ஆறரைக்கு உணவு, எட்டு மணிக்கு விளக்கணைப்பு. இரவு இரண்டு மணிக்கு அவர் எழுந்து நடமாடினால் அது 'தொல்லை' எனப்படுகிறது. எட்டிலிருந்து இரண்டு வரை ஆறு மணி நேரம் ஆயிற்று என்று எண்ணிப் பார்ப்பார் இல்லை!

வயது ஏற ஏற உடலின் காலக்கணக்கு முன்கூட்டியே நகர்கிறது. விரைவில் உறக்கம், விரைவில் விழிப்பு. ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. ஆனால் உறக்கத்தின் தேவை அவ்வளவாகக் குறைவதில்லை. பகலெல்லாம் வெயில் படாத அறையில் அமர்ந்து கண்ணயர்பவருக்கு இரவில் தூக்கம் எங்கிருந்து வரும்? மூட்டுவலியும், மாலையில் கொடுக்கப்படும் நீர்பிரியும் மாத்திரையும் மீதியைக் கெடுக்கின்றன.

எளிதாகக் கிடைக்கும் பதில் தூக்க மாத்திரை. அமெரிக்காவில் முதியோர் இல்லவாசிகளுக்குத் தகாத மருந்துகளின் பட்டியலை மார்க் பியர்ஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் 1991-இல் வெளியிட்டனர். 2023-இல் திருத்தப்பட்ட அப்பட்டியலும், பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளை முதியோருக்குப் பொதுவாகத் தவிர்க்குமாறே கூறுகிறது. அவற்றால் தடுமாறி விழுதலும் எலும்பு முறிவும் மனக்குழப்பமும் மிகுகின்றன. பலருக்கு ஒரே பணியாளர் காவலிருக்கும் இரவில் அவரது களைப்பும் உண்மைதான். ஆயினும் மாத்திரையை விழுங்குபவர் ஒருவர், நிம்மதி பெறுபவர் வேறொருவர் என்றால் அதை மருத்துவம் என்று அழைக்கலாமா?

'தூக்கம் வராவிட்டால் ஜபம் செய்யுங்கள்' என்பது பக்தர்கள் தரும் பதில். விரும்பி ஏற்பவருக்கு அது அருமருந்து. ஆனால் தூக்கமின்மையைப் பக்திக் குறைவாகக் கருதுபவர்கள், சுவாமி விவேகானந்தரே தமது இறுதி ஆண்டுகளில் நீரிழிவு, ஆஸ்துமாவுடன் உறக்கமின்மையாலும் வருந்தினார் என்பதை மறக்கலாகாது.

ஜீவனைச் சிவனாகப் போற்றுவது என்ற ஸ்ரீராமகிருஷ்ணரின் நெறியை இங்கே கடைப்பிடிப்பது கடினமல்ல. காலையில் முற்றத்து வெயிலில் சற்று நேரம். பூஜைக்குப் பூத்தொடுப்பது போன்ற ஒரு வேலை. இரவில் விழித்தவர்கள் பிறரைக் கலைக்காமல் அமர ஒரு சிறு விளக்குள்ள கூடம். சேர்க்கை நாளில் நோய்களையும் தொலைபேசி எண்ணையும் கேட்கிறார்கள். 'எப்போது உறங்குவீர்கள், எப்போது எழுவீர்கள்?' என்றும் கேட்கலாம். மாத்திரைக்கு ஏற்கெனவே பழகியவர்களுக்கு அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தே. மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.